வீட்டு பிளக் பொயின்ட் சுற்றுகளைச் சோதித்தலும் வயரிங் பழுதுகளைக் கண்டறிதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வீட்டு வயரிங் சோதனைக்குச் செல்லும் இடங்களில் வீட்டுக்காரர்களும், தொழில் பழகும் இளைஞர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது. வேலைத்தளத்தில் லைன், நியூட்ரல், எர்த் என்று சொல்லப்படுபவை பாடசாலைப் புத்தக வழக்கின்படி உயிர்க்கம்பி, நொதுமல் கம்பி, புவிக்கம்பி என்றே குறிப்பிடப்படுகின்றன. பெட்டியைத் திறந்து செய்யும் சோதனைகள் பயிற்சி பெற்ற மின்னிணைப்பாளருக்கு உரியவை. அவற்றையும் விளக்கியிருப்பதன் காரணம், தம் வீட்டில் என்ன செய்யப்படுகிறது, எது செய்யப்படாமல் விடப்படுகிறது என்பதை வீட்டுக்காரர் அறிந்திருக்க வேண்டும் என்பதே.

எங்கள் வீட்டு பிளக் பொயின்ட்டுகள் எல்லாம் நன்றாக வேலை செய்கின்றன. பிறகு எதற்காகச் சோதிக்க வேண்டும்?

கேத்தல் கொதிப்பதற்கும் மின்விசிறி சுற்றுவதற்கும் உயிர்க்கம்பியும் நொதுமல் கம்பியும் மட்டும் போதும். புவிக்கம்பி அறுந்து பத்து வருடம் ஆகியிருந்தாலும் அந்தக் கேத்தல் கொதித்துக்கொண்டுதான் இருக்கும். அதன் உலோக உடலுக்குள் மின்கசிவு ஏற்படும் நாளில்தான் புவிக்கம்பி இல்லாதது தெரியவரும், அதுவும் கை வைத்தவருக்கே தெரியவரும். வளையச் சுற்று ஓரிடத்தில் துண்டிக்கப்பட்டிருந்தாலும் எல்லாப் பொயின்ட்டுகளிலும் மின்சாரம் வரும். உயிர்க்கம்பியும் நொதுமலும் இடம் மாறியிருந்தாலும் விளக்கு எரியும். ஆகவே பொருள் இயங்குகிறது என்பது அந்தப் பொயின்ட் பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாகாது. உயிரைக் காக்கும் பகுதிகள் அன்றாடப் பாவனையில் வேலை செய்வதே இல்லை என்பதால், அவற்றை அளந்துதான் அறிய முடியும்.

எங்கள் வீட்டில் இருப்பது வளையச் சுற்றா, ஆரைச் சுற்றா என்று எப்படி அறிவது?

இலங்கையில் வயரிங் வேலை பெரும்பாலும் பிரித்தானிய நியமமான பி.எஸ். 7671ஐ ஒட்டியே செய்யப்படுகிறது. வளையச் சுற்றில் கம்பிகள், வீட்டின் சுற்றுகள் எல்லாம் பிரிந்து செல்லும் டி.பி. பெட்டியில் ஓர் எம்.சி.பி.யிலிருந்து (மின்னோட்டம் அளவை மீறினால் தானே நிற்கும் சுவிட்ச்) புறப்பட்டு ஒவ்வொரு பொயின்ட்டையும் தொட்டுக்கொண்டு மீண்டும் அதே எம்.சி.பி.க்கே வந்து சேரும். எனவே அந்த எம்.சி.பி.யின் முனையில் இரண்டு உயிர்க்கம்பிகள் இருக்கும். அதற்கு 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியும், அதாவது கடைகளில் 7/0.67 என்று கேட்டு வாங்கும் கம்பியும், 32 அம்பியர் எம்.சி.பி.யும் பொருந்தும். ஆரைச் சுற்றில் கம்பி கடைசிப் பொயின்ட்டோடு முடிந்துவிடும், எம்.சி.பி.யில் ஒரு கம்பிதான் இருக்கும். 2.5 சதுர மில்லிமீற்றர் கம்பியில் அமைந்த ஆரைச் சுற்றுக்கு 20 அம்பியர் எம்.சி.பி.தான் இருக்க வேண்டும். ஒற்றைக் கம்பி செல்லும் இடத்தில் 32 அம்பியர் எம்.சி.பி. பொருத்தப்பட்டிருந்தால், வேறு எதையும் பார்ப்பதற்கு முன் அதைத் திருத்த வேண்டும்.

பழைய வீடுகள் சிலவற்றில் இரண்டும் இல்லை. விளக்குச் சுற்றிலிருந்தே 1 சதுர மில்லிமீற்றர் கம்பி இழுத்து 5 அம்பியர் பொயின்ட் வைத்து, பின்னாளில் அதிலேயே குளிர்சாதனப் பெட்டியும் இஸ்திரிப் பெட்டியும் போடத் தொடங்கியிருப்பார்கள். அங்கே பழுது தேடுவதில் பயனில்லை. புதுச் சுற்று இழுக்க வேண்டும்.

கருவி எதுவும் இல்லாமல் வீட்டுக்காரர் எதைப் பார்க்கலாம்?

கண்ணாலும் மூக்காலும் காதாலும் நிறையவே அறியலாம். பொயின்ட்டின் முகப்பு பழுப்பேறியிருக்கிறதா, பிளக்கைக் கழற்றும்போது அதன் முனை சுடுகிறதா, கருகிய வாடை வருகிறதா, சுவிட்சைப் போடும்போது கிரீச்சென்ற ஓசை கேட்கிறதா, பிளக் தளர்ந்து ஆடுகிறதா என்று பாருங்கள். 13 அம்பியர் பொயின்ட்டை நேரே பார்த்தால் மேலே புவித் துளையும் வலப்பக்கம் உயிர்த் துளையும் இடப்பக்கம் நொதுமல் துளையும் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் பழுப்பேறியிருந்தால் அந்தப் பக்கத்து முனையின் திருகாணி தளர்ந்திருக்கலாம், அல்லது உள்ளிருக்கும் பிடி வலுவிழந்திருக்கலாம்.

டி.பி. பெட்டியிலுள்ள ட்ரிப் சுவிட்சின், அதாவது மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்சின், சோதனைப் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். மின்சாரம் இருக்கும்போது அழுத்தியவுடன் அது விழ வேண்டும். விழாவிட்டால் அன்றே மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். ஆறு மாதத்திற்கு ஒரு தடவையாவது இதைச் செய்ய வேண்டும். மாரி தொடங்குமுன் ஒன்று, மாரி முடிந்து ஒன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

டெஸ்டரை வைத்தால் விளக்கு எரிகிறது. அது போதாதா?

போதாது. நியோன் டெஸ்டர் உங்கள் உடல் வழியாகச் செல்லும் மிகச் சிறிய மின்னோட்டத்தால் எரிகிறது. அது நொதுமல் கம்பி இருக்கிறதா, புவிக்கம்பி இருக்கிறதா என்று எதையும் சொல்லாது. எரியவில்லை என்பதால் மின்சாரம் இல்லை என்றும் கொள்ள முடியாது. காய்ந்த மரப்பலகையில் இறப்பர் செருப்போடு நிற்பவரின் கையில், பட்டப்பகல் வெளிச்சத்தில், எரிந்தாலும் தெரியாது.

இரண்டு துளைகளிலுமே டெஸ்டர் எரிகிறது, ஆனால் எந்தப் பொருளும் இயங்கவில்லை என்றால் நொதுமல் கம்பி எங்கோ அறுந்திருக்கக்கூடும். சுவிட்ச் போடப்பட்ட நிலையில் செருகப்பட்டிருக்கும் வேறொரு பொருளின் வழியாக உயிர்க்கம்பியின் அழுத்தம் நொதுமல் பக்கத்திற்கும் வந்துவிடுகிறது. இந்த நிலையில் நொதுமல் என்று நினைத்துத் தொட்டவர்கள் அடிபட்டிருக்கிறார்கள்.

மூன்று விளக்குள்ள பிளக் டெஸ்டர் கடைகளில் கிடைக்கிறதே, அதை நம்பலாமா?

ஓரளவுக்கு நம்பலாம். உயிர்க்கம்பி, நொதுமல், புவி ஆகியவற்றில் ஒன்று இல்லாதிருப்பதையும், உயிர்க்கம்பியும் நொதுமலும் மாறியிருப்பதையும் அது காட்டும். விலைக்குப் பார்த்தால் வீட்டில் வைத்திருக்கத் தகுந்த கருவிதான். ஆனால் நொதுமலும் புவியும் தமக்குள் மாறியிருந்தால் அது கண்டுபிடிக்காது. புவித்தொடுப்பு இருக்கிறது என்று அது காட்டும் விளக்கு, அந்தத் தொடுப்பு 5 ஓமா 500 ஓமா என்று வேறுபடுத்தாது. வளையம் அறுந்திருப்பதும் அதற்குத் தெரியாது. அது பழுது என்று சொன்னால் நம்புங்கள். சரி என்று சொன்னால் அதோடு நிறுத்தாதீர்கள்.

மின்சாரம் நிறுத்திய கம்பியில் டிஜிட்டல் மீற்றர் 80, 90 வோல்ற்று காட்டுகிறது. ஏன்?

ஒரே குழாயில் பக்கத்தில் செல்லும் உயிருள்ள கம்பியிலிருந்து கொள்ளளவுத் தூண்டலால் வரும் போலி அழுத்தமாக இருக்கலாம். டிஜிட்டல் மீற்றரின் உள்தடை 10 மெகா ஓம் அளவில் இருப்பதால் அந்தச் சிறு தூண்டலும் அதில் தெரிகிறது. உள்தடை குறைந்த இரு முனை வோல்ற்றுமானியை வைத்தால் அது மறைந்துவிடும். மறையாவிட்டால் அது போலியன்று, அந்தக் கம்பிக்கு மின்சாரம் வேறெங்கிருந்தோ வருகிறது.

பொயின்ட்டைத் திறப்பதற்குமுன் செய்ய வேண்டியது என்ன?

மெயின் சுவிட்சை நிறுத்தி, வேறு எவரும் அதைப் போடாதபடி பூட்ட வேண்டும். பூட்ட வசதியில்லையெனில் எழுதி ஒட்டி, வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். கூட்டுக் குடும்ப வீடுகளில் சொல்லாமல் விட்டால், ஒருவர் சுவரில் கை வைத்திருக்க மற்றொருவர் மின்சாரம் போய்விட்டது என்று நினைத்துச் சுவிட்சைப் போட்டுவிடுவார். மெயின் சுவிட்ச் நிறுத்தப்பட்டிருந்தாலும் அதற்குள் வரும் கம்பிகள் மின்மானிப் பக்கத்தில் உயிரோடுதான் இருக்கும். மின்விநியோக நிறுவனம் முத்திரையிட்ட பகுதியை எவரும் தொடக்கூடாது.

கூரையில் சூரிய மின்கலம், மின்வெட்டுக்கு வைத்த இன்வெர்ட்டர், ஜெனரேற்றர் ஆகியவை இருந்தால் அவற்றையும் தனித்தனியே பிரிக்க வேண்டும். பிறகு, வோல்ற்றுமானியை உயிருள்ள ஓரிடத்தில் வைத்து அது வேலை செய்வதை உறுதிசெய்து, திறக்கப்போகும் பொயின்ட்டில் உயிர்–நொதுமல், உயிர்–புவி, நொதுமல்–புவி என மூன்றையும் பார்த்து, மறுபடியும் உயிருள்ள இடத்தில் வைத்துக் கருவி இடையில் பழுதாகவில்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். இந்த மூன்றாவது படியைத்தான் அவசரத்தில் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

வளையச் சுற்று அறுந்திருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? அறுந்திருந்தால் என்ன ஆபத்து?

ஆபத்தை முதலில் சொல்கிறேன். முழு வளையத்தில் ஒவ்வொரு பொயின்ட்டுக்கும் இரண்டு வழிகளில் மின்னோட்டம் வருகிறது, அதனால்தான் 2.5 சதுர மில்லிமீற்றர் கம்பிக்கு 32 அம்பியர் எம்.சி.பி. அனுமதிக்கப்படுகிறது. குழாயில் செல்லும் அத்தகைய ஒற்றைக் கம்பி ஏறக்குறைய 20 முதல் 24 அம்பியர் வரையே தாங்கும். வளையம் அறுந்ததும் ஒரு பக்கத்துக் கம்பி முழுச் சுமையையும் சுமக்கலாம். அதில் 30 அம்பியர் ஓடினாலும் எம்.சி.பி. விழாது, ஏனெனில் அதன் கணக்கில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. சுவருக்குள் கம்பியின் காவலுறை நாளுக்கு நாள் வெந்து நொறுங்கும்.

சோதனை மூன்று கட்டம் கொண்டது. சுற்றின் மின்சாரம் நிறுத்தப்பட்டு, செருகியிருந்தவை எல்லாம் கழற்றப்பட்டிருக்க வேண்டும். முதலில் டி.பி. பெட்டியில் அந்தச் சுற்றின் இரண்டு உயிர்க்கம்பி முனைகளையும் கழற்றி அவற்றுக்கிடையிலான தடையை அளக்க வேண்டும். பின்னர் நொதுமல் முனைகள் இரண்டையும், புவி முனைகள் இரண்டையும் அவ்வாறே அளக்க வேண்டும். 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி 20 பாகை செல்சியசில் மீற்றருக்கு 7.41 மில்லி ஓம் தடையுடையது. ஆகவே 60 மீற்றர் வளையத்தில் 0.44 ஓம் அளவு வர வேண்டும். உயிர், நொதுமல் அளவீடுகள் இரண்டும் 0.05 ஓமுக்கு மேல் வேறுபடக்கூடாது. எதிலாவது தொடர்பே இல்லை என்று காட்டினால் அந்தக் கம்பி அறுந்திருக்கிறது; இரண்டில் ஒன்று குறிப்பிடத்தக்க அளவு கூடியிருந்தால் எங்கோ ஒரு திருகாணி தளர்ந்திருக்கிறது.

அடுத்து, ஒரு பக்கத்து உயிர்க்கம்பியை மறுபக்கத்து நொதுமலோடும், மற்ற உயிர்க்கம்பியை மற்ற நொதுமலோடும் குறுக்காக இணைத்து, ஒவ்வொரு பொயின்ட்டிலும் உயிருக்கும் நொதுமலுக்கும் இடையே அளக்க வேண்டும். எல்லாப் பொயின்ட்டுகளிலும் ஏறக்குறைய ஒரே அளவு, அதாவது முதற்கட்டத்தில் கிடைத்த இரண்டு தடைகளின் கூட்டுத்தொகையில் நான்கில் ஒரு பங்கு, மேற்சொன்ன எடுத்துக்காட்டில் 0.22 ஓம், வர வேண்டும். ஒரு பொயின்ட்டில் மட்டும் அளவு உயர்ந்திருந்தால், அது வளையத்தில் இல்லாமல் கிளையாகப் பின்னர் இழுக்கப்பட்டதாக இருக்கலாம். அறை கூட்டிக் கட்டிய வீடுகளில் இது சாதாரணமாகக் காணப்படுகிறது. மூன்றாம் கட்டத்தில் இதே சோதனையை உயிர்க்கம்பிக்கும் புவிக்கம்பிக்கும் இடையே செய்தால், ஒவ்வொரு பொயின்ட்டின் புவித்தொடர்பும் கூடவே உறுதியாகிவிடும்.

இந்த அளவுகள் மிகச் சிறியவை. மலிவான பன்மானியின் வயர்களுக்கே 0.3 ஓம் தடை இருக்கும். வயர்த்தடையைக் கழிக்கக்கூடிய, நூறில் ஒரு ஓமைக் காட்டக்கூடிய கருவியில்லாமல் இந்தச் சோதனையைச் செய்ததாக எவரும் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

எங்கள் வீட்டில் எர்த் கம்பி அடித்திருக்கிறது. பிறகு ட்ரிப் சுவிட்ச் எதற்கு?

இந்தப் பக்கத்தில் ஒரு விடையை மட்டும் வாசிக்க நேரம் உள்ளவர்கள் இதை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நமது வீடுகளில் புவித்தொடுப்பு என்பது முற்றத்தில் அடித்த செப்புக் கம்பி வழியாக மண்ணுக்குச் செல்வது. உபகரணத்தின் உலோக உடலை உயிர்க்கம்பி தொட்டுவிட்டால் மின்னோட்டம் மண் வழியாகவே திரும்ப வேண்டும். மண்ணில் அடித்த கம்பியின் தடை 40 ஓம் என்று வையுங்கள். 230ஐ 40ஆல் வகுத்தால் 6 அம்பியருக்கும் குறைவு. 32 அம்பியர் எம்.சி.பி. அதைப் பொருட்படுத்தவே மாட்டாது. தடை 10 ஓமாக இருந்தாலும் 23 அம்பியர்தான், அப்போதும் விழாது. அந்த உபகரணம் உயிரோடு நின்றுகொண்டே இருக்கும். 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஒன்றே அதை நொடிக்குள் நிறுத்தும்.

மறுபுறம், ட்ரிப் சுவிட்ச் இருக்க எர்த் எதற்கு என்பதும் தவறு. புவிக்கம்பி இல்லாத இடத்தில் கசிவுக்குப் பாதையில்லை; ஒருவர் தொடும்போதுதான் பாதை உண்டாகிறது, அவருடைய உடல் வழியாக. இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன.

நம் பகுதியின் மண்ணும் காலநிலையும் இதில் பெரிதும் சம்பந்தப்படுகின்றன. கல்லடி, நாவலடி, காத்தான்குடி, கல்முனை, திருக்கோவில் என்று கடலோரப் பக்கமான எழுவான்கரை நெடுகிலும் மணல். மாரியில் நீர்மட்டம் மேலே வந்திருக்கும்போது அளந்தால் நல்ல அளவு வரும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேல்மணல் காய்ந்ததும் அதே கம்பியின் தடை பல மடங்கு கூடிவிடலாம். ஆகவே புவித்தடையை வரண்ட காலத்தில் அளக்க வேண்டும். கம்பி, எக்காலத்திலும் ஈரம் இருக்கும் ஆழம்வரை போக வேண்டும்; ஒன்று போதாவிட்டால் இடைவெளி விட்டு இன்னொன்றை அடித்து இணைக்கலாம். கரியும் உப்பும் போட்டு நிரப்புவது முன்னர் வழக்கமாக இருந்தது. உப்பு மழையில் கரைந்து போவதோடு செப்புப் பிடியையும் அரித்துவிடும்.

ட்ரிப் சுவிட்சைக் கருவி வைத்துச் சோதிக்கும்போது 30 மில்லியம்பியரில் 300 மில்லிசெக்கனுக்குள்ளும், 150 மில்லியம்பியரில் 40 மில்லிசெக்கனுக்குள்ளும் விழ வேண்டும். 15 மில்லியம்பியரில் விழக்கூடாது. அதிலுள்ள பொத்தான் உட்பொறியை மட்டுமே சோதிக்கிறது. முற்றத்து எர்த் கம்பியைப் பற்றி எதுவும் சொல்லாது.

ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது. பழுதை எப்படித் தேடுவது?

எல்லாப் பிளக்குகளையும் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. எல்லா எம்.சி.பி.களையும் இறக்கிவிட்டு ட்ரிப் சுவிட்சை மேலே போடுங்கள். நின்றால் எம்.சி.பி.களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஒன்றைப் போட்டதும் விழுந்தால், அந்தச் சுற்றின் உயிர்க்கம்பி புவியைத் தொடுகிறது. எல்லாம் நின்றால் பொருட்களை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். கேத்தல், ரைஸ் குக்கர், கிணற்று மோட்டர், பழைய குளிர்சாதனப் பெட்டி ஆகியவையே பெரும்பாலும் குற்றவாளிகள். இதுவரை வீட்டுக்காரரே செய்யலாம்.

கடினமான பழுது நொதுமல் கம்பி புவியைத் தொடுவது. இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் மட்டும் ட்ரிப் விழுகிறது, ஆகவே இஸ்திரிப் பெட்டிதான் பழுது என்று புதிதாக வாங்கி, அதிலும் விழுவதைக் கண்டு திகைத்த வீடுகள் உண்டு. ட்ரிப் சுவிட்ச், உயிர்க்கம்பியில் போகும் மின்னோட்டமும் நொதுமலில் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று பார்க்கிறது. எங்கோ நொதுமல் புவியைத் தொட்டிருந்தால், பெரிய சுமை எந்த அறையில் போடப்பட்டாலும் திரும்பும் மின்னோட்டத்தின் ஒரு பகுதி மண்ணுக்குப் போய்விடும். எம்.சி.பி. உயிர்க்கம்பியை மட்டுமே துண்டிப்பதால், பழுதான சுற்றின் எம்.சி.பி.யை இறக்கினாலும் விழுவது நிற்காது.

இதற்கு மெயின் சுவிட்சை நிறுத்தி, நொதுமல் கட்டையிலிருந்து கம்பிகளை ஒவ்வொரு சுற்றாகக் கழற்றி, புவிக்கட்டையோடு காவல்தடையை, அதாவது கம்பியின் காவலுறை மின்கசிவுக்குக் காட்டும் தடையை, அளக்க வேண்டும். சுற்று அகப்பட்டதும் நடுவிலுள்ள பொயின்ட்டைத் திறந்து கம்பிகளைப் பிரித்து எந்தப் பாதியில் பழுது என்று பார்த்து, அந்தப் பாதியை மீண்டும் பாதியாக்கிக்கொண்டே போனால் பன்னிரண்டு பொயின்ட் உள்ள வீட்டிலும் மூன்று நான்கு பெட்டிகளைத் திறப்பதோடு இடம் தெரிந்துவிடும். முடிவில் கிடைப்பது பெரும்பாலும் மிக அற்பமானது: உலோகப் பெட்டிக்குள் கறுப்பு நிற நொதுமல் கம்பியை மடித்துத் திணித்து முகப்பைத் திருகியபோது, திருகாணியின் கூர்முனை காவலுறையில் ஒரு நெல்மணி அளவுக்குக் கிழித்திருக்கும். பூசி மெழுகிய நாளிலிருந்து அது அங்கேயே இருந்திருக்கும். சுவர் நனைந்த ஒரு மாரியில் விழத் தொடங்கியிருக்கும்.

அடிக்கடி விழுவதால் ட்ரிப் சுவிட்சை விட்டுவிட்டு நேராக இணைக்கலாமா?

கூடாது. எவ்வளவு தற்காலிகமாகவும் கூடாது. அப்படி இணைத்துத் தர முன்வருபவரை மறுபடி வீட்டுக்கு அழைக்க வேண்டாம்.

வெள்ளத்தில் நனைந்த வயரிங்கை மீண்டும் பாவிக்கலாமா?

2011 ஜனவரி வெள்ளத்திலும் 2024 நவம்பர் வெள்ளத்திலும் இரு மாவட்டங்களிலும் ஏராளமான வீடுகளில் பிளக் பொயின்ட் மட்டத்திற்குத் தண்ணீர் ஏறியது. நீரில் மூழ்கிய பொயின்ட், எம்.சி.பி., ட்ரிப் சுவிட்ச் ஆகியவற்றை உலர்த்திப் பாவிக்காமல் மாற்ற வேண்டும். உள்ளே தங்கிய சேறும் உப்பும் உலர்ந்த பின்னும் அங்கேயே இருக்கும். கம்பிகளைக் காப்பாற்றலாம், ஆனால் அளந்து பார்த்த பிறகே. பொருட்களை எல்லாம் கழற்றி, உயிரையும் நொதுமலையும் சேர்த்துப் புவியோடு 500 வோல்ற்று நேரோட்டத்தில் காவல்தடையை அளந்தால் குறைந்தது 1 மெகா ஓம் வர வேண்டும். நல்ல வயரிங் நூற்றுக்கணக்கான மெகா ஓம் காட்டும். 2 அல்லது 3 மெகா ஓம் வருவது நியமப்படி தேறினாலும், சுவர் காயவிட்டு மறுபடி அளப்பதே சரி என்பது என் கருத்து. சாதாரணப் பன்மானி சில வோல்ற்றில் அளப்பதால் இந்தப் பழுதைக் காட்டாது.

கடற்கரை வீடுகளில் பொயின்ட்டுகள் விரைவில் பழுதாவது ஏன்?

உப்புக்காற்று. பெட்டியைத் திறந்தால் செப்பு முனையில் பச்சை நிறப் பொடி படிந்திருக்கும், திருகாணி துருவேறியிருக்கும், மூலையில் பல்லி முட்டையும் எறும்புப் புற்றும் இருக்கும். பச்சை படிந்த முனையில் தடை கூடுகிறது. 2000 வாற்றுக் கேத்தல் 8.7 அம்பியர் எடுக்கும்போது அந்த முனை சூடாகிறது; சூட்டில் திருகாணி மேலும் தளர்கிறது. கருகிய நுனியை வெட்டி, பளபளப்பான செப்பு வரும்வரை உறையைச் சீவி, புதுப் பொயின்ட்டில் இறுக்க வேண்டும். பழைய நுனியையே சுரண்டிச் செருகினால் அடுத்த மாரிக்குள் மறுபடி கருகும்.

பழைய 5, 15 அம்பியர் பொயின்ட்டுகளை மாற்ற வேண்டுமா?

2017இல் இலங்கை 13 அம்பியர் சதுர முனை வகையைத் தேசிய நியமமாக ஏற்றது. முகப்பை மட்டும் மாற்றுவது போதாது. பின்னால் உள்ள கம்பியின் பருமனும் எம்.சி.பி.யும் பொருந்த வேண்டும். இடைக்கால அடப்டர்களில் இஸ்திரி, கேத்தல், ஹீற்றர் எதையும் போடாதீர்கள். இரண்டு முனைப் பிளக்கைச் செருகுவதற்குப் பேனாவால் புவித் துளையை அழுத்தித் திறக்கும் வழக்கமும் நிற்க வேண்டும்; அப்படித் திறக்கப்படும் உயிர், நொதுமல் துளைகளின் மூடி சிறுபிள்ளைகளின் விரலுக்காக வைக்கப்பட்டது.

சில விளக்குகள் திடீரென்று மிகப் பிரகாசமாகின்றன, சில மங்குகின்றன. இது எங்கள் வயரிங் பழுதா?

பக்கத்து வீடுகளிலும் அப்படி என்றால் வீதியில் நொதுமல் கம்பி தளர்ந்திருக்கலாம். அனுமதிக்கப்பட்ட அளவு 230 வோல்ற்றுக்கு 6 சதவீதம் மேலும் கீழும், அதாவது 216 முதல் 244 வரை. உடனே மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு மின்விநியோக நிறுவனத்திற்கு அறிவியுங்கள்.

யாரிடம் வேலை கொடுப்பது, வேலை முடிந்ததும் எதைக் கேட்டு வாங்குவது?

தேசிய தொழிற்தகைமையில் குறைந்தது மூன்றாம் மட்டச் சான்றிதழ் உள்ள மின்னிணைப்பாளரிடம் கொடுங்கள். காவல்தடைமானியும் ட்ரிப் சோதனைக் கருவியும் அவரிடம் உண்டா, அல்லது இரவலாவது எடுத்து வருவாரா என்று வேலை பேசும்போதே கேளுங்கள். முடிந்ததும் ஒவ்வொரு சுற்றுக்கும் கம்பியின் பருமன், எம்.சி.பி. அளவு, வளையத்தின் மூன்று முனைத் தடைகள், காவல்தடை, முற்றத்துப் புவிக்கம்பியின் தடை, ட்ரிப் விழுந்த நேரம், அளந்த திகதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஒப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். அதன் ஒரு பிரதியைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு டி.பி. பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிட்டால், அடுத்த முறை பழுது தேட வருபவர் புதிய அளவீட்டைப் பழையதோடு ஒப்பிட்டு, எந்தச் சுற்றில் தொடங்க வேண்டும் என்பதை அங்கேயே தீர்மானிப்பார்.